நெல்லுக்கு மேலே விரித்த முகம்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது, மூத்த மகள் வயிற்றுப் பேத்தி. மகளும் மருமகனும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது, பால்பல் விழாத பிள்ளையை என்னிடம் விட்டுப் போனார்கள். இப்போது அவள் தஞ்சாவூரில் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். இதை எழுதுவது அவளுக்காகத்தான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். கொம்பும் காலும் அங்கங்கே விட்டுப்போகும். போகட்டும். நாற்று விட்டுப்போன இடத்தில் பிறகு வந்து ஊன்றுவதில்லையா, அந்த மாதிரி யாராவது ஊன்றிக்கொள்ளட்டும்.

நான் கூட்டத்தோடு போகிறவள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு எப்போதும் உண்டு. வீட்டுக்காரர் தவறிப்போனபோது என் சின்ன மகன் அரைக்கால் சட்டைப் பையன். பெண்பிள்ளையால் ஆகாது, குத்தகை நிலத்தை விட்டுவிடு என்று ஊரே சொன்னது. விடவில்லை. ஆள் கிடைக்காத நாளில் நானே இறங்கி நட்டேன். இன்றைக்கு அந்த நிலத்துக்குப் பட்டா எங்கள் பெயரில் இருக்கிறது. ஊர்ப் பையன்கள் ஜெயிக்கிற கிரிக்கெட் டீமின் சட்டையை வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். அது தோற்றதும் அதே சட்டையால் மோட்டார் சைக்கிளைத் துடைப்பார்கள். "ஏண்டா, வருஷத்துக்கு ஒரு டீமா? உங்களுக்கு வெக்கமே கிடையாதா?" என்று நான் கேட்பேன். "ஜெயிக்கிறவன் பக்கம் நின்னாத்தான் அப்பாயி நமக்கும் சந்தோசம்" என்று சிரிப்பார்கள். இப்போது அவர்களை அப்படிக் கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

பேத்தி பள்ளிக்கூடத்தில் கபடி ஆடினாள். அதற்கு நான் ஒன்றும் சொன்னதில்லை. கபடி எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. கல்லூரிக்குப் போன முதல் வருஷம், லீவுக்கு வந்தவளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். தோள்பட்டையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல் இருந்தது.

"யாருடி அடிச்சது?"

"யாரும் அடிக்கல அம்மாச்சி. விளையாட்டுல பட்டது."

"கபடியில பட்டா முட்டியிலல்ல படும்?"

"இது கபடி இல்ல. ரக்பி."

அந்தப் பேரை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். அவள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துவிட்டு விளையாட்டு டீச்சரம்மா இதில் சேர்த்துவிட்டாளாம். எண்ணெய்த் தலையோடு கொல்லைக்குப் போய் ஒரு உரிக்காத தேங்காயை எடுத்து வந்தாள்.

"பந்து இந்த மாதிரிதான் இருக்கும். உருண்டையா இருக்காது."

"கீழ விழுந்தா எந்தப் பக்கம் போகும்?"

"அது அந்தப் பந்துக்கே தெரியாது." சிரித்தாள். "இத வச்சிக்கிட்டு முன்னால ஓடணும். அவங்க கோட்டத் தாண்டி தரையில வச்சா நமக்கு. எதிராளி பிடிச்சிட்டா, பின்னால ஓடி வர்ற நம்ம ஆளுக்குத்தான் எறியணும். முன்னால எறிஞ்சா தப்பு."

"முன்னேற வேண்டியவ பின்னால எறியுறதா? நல்ல கூத்தா இருக்கே."

"நீ நடவு நட்டதில்லையா? பின்னால பின்னால போய்த்தானே வயல முடிச்ச?"

பதில் கிடைக்காதபோது எனக்குக் கோபம்தான் வரும். நடவும் உருண்டு புரளுகிறதும் ஒன்றா, கை கால் போனால் யார் பார்ப்பது, விட்டுவிடு என்றேன். அவள் தேங்காயை மடியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். விடவில்லை. அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா.

ஊருக்குத் தெரிய நாளாகவில்லை. எதிர்வீட்டு அண்ணி எனக்குச் சொந்தத்தில் அண்ணி முறை, வயதில் என்னைவிடச் சின்னவள். அவள் தன் பையனின் போனில் அந்த விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்து வாசலிலேயே ஆரம்பித்தாள். "பொம்பளப் புள்ளைங்க ஒண்ணு மேல ஒண்ணு விழுதுங்க. நான் ஏதோ தண்ணிக் குழாயில சண்டையாக்கும்னு பாத்தேன்." டீக்கடைப் பேச்சை என் சின்ன மகன் வந்து சொன்னான். கிரிக்கெட் என்றால் டிவியில் வரலாம், கபடி என்றால் போலீஸ் வேலை கிடைக்கும், இதில் என்ன கிடைக்கும், சுளுக்குத்தான் கிடைக்கும் என்றார்களாம்.

நான் அண்ணியிடம் சொன்னேன்: "அது எங்க வீட்டுச் சாடை இல்ல அண்ணி. அவ அப்பன் வீட்டு முரட்டு ரத்தம்."

சன்னலுக்கு உள்பக்கம் பேத்தி தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததோ இல்லையோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வருஷம் அவளைத் தமிழ்நாட்டு டீமுக்கு எடுத்தார்கள். வெளி மாநிலத்துக்குப் போய்க் கோப்பையோடு வந்தார்கள். பேப்பரில் படம் வந்தது. முன்வரிசையில் கோப்பைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். கீழ்வேளூர் பஸ்ஸில் கண்டக்டர் உட்கார்ந்திருந்த ஒருத்தியை எழுப்பிவிட்டு, அந்த நல்ல சீட்டில் என்னை உட்கார வைத்தான். டீக்கடையில், ரக்பி என்றால் சும்மாவா, வெளிநாட்டில் ராஜா வீட்டுப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டம் என்றார்கள். அண்ணி, "நான் அப்பவே சொன்னேன், அவ ஓட்டமே தனின்னு" என்றாள்.

நான் மட்டும் என்ன. "எங்க வீட்டு ரத்தம் அண்ணி. நான் நடவு நட்ட காலு அது" என்றேன். ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்குக்கூட விதிகளை விளக்கினேன். பந்தை முன்னால் எறியக் கூடாது, பின்னால் வருகிறவளுக்குத்தான் எறிய வேண்டும், நடவு மாதிரி. அவள் சொன்ன அதே வார்த்தைகள். அவள் சொன்னபோது கூத்து என்றவள், நானே கண்டுபிடித்தது போலச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பையன்கள் பேனர் வைக்கப் படம் கேட்டு வந்தார்கள்.

"என் படம் எங்கடா வரும்?" என்றேன்.

"கீழ வரிசையில அப்பாயி. ஊர்க்காரங்க எல்லாம் அங்கதான்."

"கீழ வரிசையில தலை தலையா மூஞ்சி தெரியாத பயலுவ நிப்பானுங்க. பெத்தவங்க ஊர்ல இல்ல. வளத்தவ நான். அவ பக்கத்துல போடு."

அரக்குப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் இருக்கிற சங்கிலியை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு, போனில் படம் எடுக்கக் கொடுத்தேன். பஸ் நிறுத்தத்தில் ஆள் உயரத்துக்கு மேலே பேனர் நின்றது. நடுவில் அவள், பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் நான். எங்கள் மண்ணின் மகளே வருக என்று எழுதியிருந்தது. மேளம் வைத்து, ஆரத்தி எடுத்து அவளைக் கூட்டி வந்தோம். பேனருக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தவள் என் காதோரம் கேட்டாள்.

"இவங்கள்ல யாராவது ஒரு மேட்சாவது பாத்திருக்காங்களா அம்மாச்சி?"

"பாத்தா என்ன, பாக்காட்டி என்ன. வாழ்த்துறாங்கள்ல."

"நீ பாத்தியா?"

"அடுத்தத பாக்குறேன்டி."

"தோத்தாலும் பாப்பியா?"

"அபசகுனமாப் பேசாத" என்று அவள் தலையில் தட்டினேன்.

அடுத்தது தை மாசத்தில் வந்தது. பிள்ளையார் கோயில் வாசலில் டிவியைக் கொண்டுவந்து வைத்து, போனிலிருந்து படம் வரும்படி செய்திருந்தார்கள். எனக்கு முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி. இறுதி ஆட்டம் என்றார்கள். பாதிக்குப் பாதி ஏழு நிமிஷம்தான். சாதம் வடிக்கிற நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஒன்றும் புரியாமலே எல்லோரும் கத்தினார்கள். நானும் கத்தினேன். நடுவில் ஒருத்தி வந்து என் பேத்திமேல் இடித்து இரண்டு பேரும் விழுந்தார்கள். இவள் எழுந்து தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள், பிறகு ஓடினாள்.

கடைசியில் பந்து அவள் கைக்கு வந்தது. எதிரே யாரும் இல்லை. கோடு கிட்டத்தில் இருக்கிறது. கோயில் வாசலே எழுந்து நின்றது. பந்து அவள் கையிலிருந்து நழுவி முன்னால் விழுந்தது. அவ்வளவுதான். தோற்றுவிட்டார்கள்.

"கையில வெண்ணெய் தடவிக்கிட்டு போனாளா?" என்றான் ஒருவன்.

"இதுக்கா டிவியத் தூக்கிட்டு வந்தோம்?" என்றான் இன்னொருவன். டிவியைக் கிரிக்கெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அண்ணி என் முகத்தையே பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். அந்தப் பார்வைக்கு முன்னால் நான் சொன்னது இது:

"நான் அப்பவே வேணாம்னுதான் சொன்னேன். யாரு கேட்டா."

சேலையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் போன் அடித்தது. அவள்தான். நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். எடுக்கவில்லை. கையில் மாவு இருந்தது உண்மை. சின்னவன் வந்து எடுத்துப் பேசினான். தோளில் வலி என்கிறாள், டாக்டரிடம் காட்டிவிட்டு வருவாளாம் என்றான். விளையாட்டு என்றால் வலிக்கத்தான் செய்யும் என்றேன்.

அந்த வாரம் எங்களுக்கு அறுப்பு. மிஷின் அறுத்துக் கொட்டிய நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்தில் ரோட்டோரம் குவித்துவிட்டு முறைக்குக் காத்திருந்தோம். நிலையமும் பஸ் நிறுத்தமும் எதிரெதிரே. பேனர் இன்னும் அங்கேதான் நின்றது. ஒரு மூலைக் கயிறு அவிழ்ந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஊர்ப் பையன்கள் அதன் கீழேதான் நின்று பேசுவார்கள். ஒருவனும் அதை இழுத்துக் கட்டவில்லை. நானும் கட்டச் சொல்லவில்லை.

மத்தியானம் திடீரென்று கருத்துக்கொண்டு வந்தது. சின்னவன் ஒரு குவியலை மூடிவிட்டான்.

"அம்மா, படுதா பத்தல. இன்னொரு குமி அப்படியே கெடக்கு."

"அந்த பேனரக் கழட்டு" என்றேன்.

பேனரால் நெல்லை மூடுவது எங்கள் பக்கம் புதிதில்லை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் கடைசியில் குவியலுக்கு மேலேதான் வந்து சேரும். ஆனால் மனித முகம் இருந்தால் அதை உள்பக்கமாகத் திருப்பித்தான் விரிப்போம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. முகத்தின்மேல் கல் வைக்க ஒருவருக்கும் கை வராது, அதனால்தான்.

சின்னவன் தயங்கினான். "புள்ள படம்மா."

"படம் நனைஞ்சா காஞ்சிரும். நெல்லு நனைஞ்சா மொளச்சிரும். கழட்டு."

கழட்டிக் கீழே போட்டுவிட்டு அவன் கல் பொறுக்க ஓடினான். நான் அரிவாளை எடுத்தேன். பேனரை வெட்ட வேண்டிய அவசியமே இல்லை. முழுசாக விரித்திருந்தால் குவியல் இன்னும் நன்றாகவே மூடியிருக்கும். நான் வெட்டினேன். அவளுக்கும் எனக்கும் நடுவே அரிவாளை வைத்து இழுத்து, என் முகம் இருந்த வட்டத்தைச் சுற்றிச் சதுரமாக வெட்டி எடுத்தேன். அரக்குப் பட்டில் எடுத்த படம். அப்படி ஒரு படம் எனக்கு வேறு கிடையாது. நாளைக்கு நான் கண்ணை மூடினால் வைக்க நல்ல படம் வேண்டாமா என்று நினைத்தேன். அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மீதியை நானும் ஒரு கூலியாளும் இழுத்துக் குவியல்மேல் விரித்தோம். அவள் முகம் வானத்தைப் பார்த்தபடி.

காற்று அடித்தது, அவசரம், அதனால் திருப்பவில்லை என்று இவ்வளவு நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். காற்று அடித்தது உண்மை. என் முகத்தைச் சுருட்டி வைக்க நேரம் இருந்தது. அவள் முகத்தைத் திருப்பிப் போட நேரம் இல்லையா?

சின்னவன் கல்லைக் கொண்டுவந்து கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான்தான் வாங்கி வைத்தேன். ஒன்று அவள் நெற்றிமேல்.

மழை கொட்டியது. பஸ் நிறுத்தத்துக் கூரைக்குள் ஒதுங்கினோம். தஞ்சாவூரிலிருந்து பஸ் வந்து நின்று போனது. போனதும் பார்த்தால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள். வலது கையைத் துணித் தொட்டிலில் போட்டுக் கழுத்தில் கட்டியிருக்கிறது. முதுகில் பை. குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவள் நடந்து போய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்றாள். கன்னம் இருந்த இடத்தில் பள்ளம் விழுந்து தண்ணீர் தேங்கியிருந்தது. அப்படியே விட்டால் உள்ளே கசியும். இடது கையால் ஓரத்தைத் தூக்கிக் கன்னத்துத் தண்ணீரைச் சரித்துக் கொட்டினாள். நெற்றியிலிருந்த கல் உருண்டு விழுந்தது. குனிந்து அதை எடுத்து, எங்கிருந்து விழுந்ததோ அங்கேயே வைத்தாள். பிறகு ரோட்டைத் தாண்டி எங்களிடம் வந்தாள்.

"நெல்லு நனையல அம்மாச்சி" என்றாள்.

அவள் கண் என் கக்கத்துக்குப் போனது. சுருளின் ஓரத்தில் அரக்குக் கலர் தெரிந்தது.

"அத நல்லா மூடிக்கங்க. சாயம் போயிடப் போவுது."

அதுவரை என்னிடம் நீ, வா, போ என்றுதான் பேசுவாள். அன்றைக்குத்தான் எனக்கு மரியாதை வந்தது.

தோள் நடு ஆட்டத்திலேயே இறங்கிவிட்டதாம். சொன்னால் வெளியே உட்கார வைத்துவிடுவார்கள் என்று சொல்லாமல் ஆடியிருக்கிறாள். அந்தக் கையால் பந்தை எப்படிப் பிடிப்பது. இதையும் அவள் தன் மாமனிடம்தான் சொன்னாள், நான் அடுப்படியிலிருந்து கேட்டேன்.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் இரண்டு சொல்லி, அவளும் இரண்டு சொல்லி, ஒரு வேளை சாப்பாட்டோடு முடிந்திருக்கும். லீவுக்கு வருகிறாள், சாப்பிட்டீங்களா என்று கேட்கிறாள், என் மாத்திரையை எடுத்துக் கொடுக்கிறாள். எண்ணெய் வைக்கக் கூப்பிட்டால், "இருக்கட்டும் அம்மாச்சி, ஆஸ்டல்லயே வச்சிக்கிட்டேன்" என்கிறாள். தோள் சரியானதும் மறுபடி ஆடப் போனாள் என்று, கொல்லையில் காயப்போட்ட ஆணி வைத்த ஷூவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எந்த ஊரில் ஆடினாள், ஜெயித்தாளா தோற்றாளா, எதுவும் எனக்கு வராது.

புரட்டாசி மழையில் விதைநெல் மூட்டை ஒன்று தாழ்வாரத்தில் நனைந்துகொண்டிருந்தது. நெல் பத்தாயத்துக்குப் பின்னால் வைத்திருந்த சுருளை எடுத்து, முகம் மேலே தெரியும்படி அதன்மேல் போட்டு, நெற்றியில் ஒரு செங்கல்லையும் வைத்தேன். ஒரு மூட்டைக்குத்தான் அது போதுமாக இருந்தது. அவள் வந்தால் பார்க்கட்டும் என்று போட்டேனா என்றால், ஆமாம், கொஞ்சம் அப்படித்தான். அவள் வருவதற்குள் மழை விட்டு, சின்னவன் அதை எடுத்து மாட்டுக்கொட்டகையில் எங்கோ செருகிவிட்டான்.

போன வாரம் அண்ணி ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டாள். "உம் பேத்திய மறுபடி எடுத்துட்டாங்களாமே. எங்க வீட்டுப் பய போன்ல பாத்தானாம்."

"தெரியும்" என்றேன். எனக்குத் தெரியாது.

சாயங்காலமே பையன்கள் வந்துவிட்டார்கள்.

"பழைய படமே இருக்கு அப்பாயி. அரக்குப் பட்டு. இந்தத் தடவ இன்னும் பெருசாப் போட்டுரலாம்."

"கையில வெண்ணெய் தடவிக்கிட்டுப் போனான்னு சொன்னது யாருடா உங்கள்ல?"

ஒருவனை ஒருவன் பார்த்துக்கொண்டார்கள். "அது அப்ப அப்பாயி" என்றான் ஒருவன். "நீங்க மட்டும் என்ன. அப்பவே வேணாம்னு சொன்னேன்னு சொல்லல?"

அவன் சொன்னது பொய்யில்லை. அவர்கள் சட்டையைத்தான் மாற்றினார்கள். வளர்த்த பிள்ளையை அவர்கள் வெட்டிப் போடவில்லை. என் படம் வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

இன்றைக்குக் காலையில் அவள் வந்திருக்கிறாள். நாளைக்கு ஆட்டத்துக்குக் கிளம்புகிறாள் என்று சின்னவன் சொன்னான். உள்ளே பை அடுக்குகிற சத்தம் கேட்கிறது. நான் விடிந்ததிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு ஆட்டம் புரியாது. யார் எதற்கு விழுகிறார்கள் என்று இன்னும் தெரியாது. ஆனால் ஓடுகிறவள் பின்னால் ஆள் வருகிறாள் என்று நம்பித்தானே எறிய வேண்டும். அன்றைக்கு நீ போன் பண்ணினாய். நான் அங்கே இல்லை. கூப்பிட்டால் நாளைக்கு வருகிறேன், எந்த ஊரானாலும். கூப்பிடாவிட்டாலும் போகட்டும், தோற்றால் எனக்கு முதலில் சொல். அந்தச் சேதி அண்ணி வீட்டிலிருந்து எனக்கு வரக் கூடாது. மாவாக இருந்தாலும் சேறாக இருந்தாலும் அந்தக் கையோடு எடுக்கிறேன்.

பையை அப்புறம் அடுக்கலாம். இங்கே வந்து உட்கார்ந்து இதை எனக்கு வாசித்துக் காட்டு. கொம்பும் காலும் விட்டுப்போன இடத்தில் நீயே போட்டுக்கொள். உரக்க வாசி. எதிரே அண்ணி வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள், அவளுக்கும் கேட்கட்டும். அரிவாள் எடுத்த இடம் வரும்போது மட்டும் எனக்காகத் தாண்டிப் போய்விடாதே.